இரண்டு பக்கமும் பல்

புயல் கரையைக் கடந்து மூன்று நாள்.
குடியாத்தத்தில் கரை ஏது,
கவுண்டன்யா ஆற்றைத் தவிர?
அதற்கே இப்போதுதான் தான் ஆறு என்று ஞாபகம் வந்து
பாலத்தை முட்டிக்கொண்டு ஓடுகிறது.

பின்னறையில் இன்குபேட்டர்.
தொள்ளாயிரம் காடை முட்டை, பதினைந்தாம் நாள்.
முப்பத்தேழில் நிற்க வேண்டிய சூடு
முப்பத்து நான்குக்கு வந்துவிட்டது.
கம்பளி போர்த்தினேன், வெந்நீர் பாட்டில் வைத்தேன்,
குழுக்கடன் தவணை ஐந்தாம் தேதி.
அவர் ஆம்பூர் ஷூ கம்பெனியிலேயே மாட்டிக்கொண்டார்,
பஸ் ஓடவில்லை.

பந்தல்காரரிடம் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர்.
ராத்திரிக்கு எண்ணூறு, பெட்ரோல் நம்முடையது.
தூக்கிவந்தான் கொழுந்தன் தணிகைவேலு,
கூடவே, அவனே செய்த ஓர் ஒயர்:
இந்த முனையிலும் பிளக், அந்த முனையிலும் பிளக்.
"ஒண்ண மிஷின்ல சொருவு, இன்னொண்ண செவுத்துல சொருவு அண்ணி.
வூடு முச்சூடும் எரியும்.
தெருவே பாத்துகினு இருக்கும்."

எனக்கு வயரிங் தெரியாது.
மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை என்பார்கள்,
அது பொய்.
இது என் கையில் இருந்தது.
ஒரு வாயை ஊட்டினால்
இன்னொரு வாய் பித்தளைப் பல்லைக் காட்டிக்கொண்டு
சும்மா கிடக்குமா?

ஜன்னல் வழியே பார்த்தேன்.
தெருமுனைக் கம்பத்தில் டார்ச் வெளிச்சம்.
கீழே ஏணியைப் பிடித்தபடி ஒரு பையன்,
மேலே லைன்மேன் கெங்காதரன்.
மூன்று நாளாய் அதே காக்கி.
ஒரு கையில் மட்டும் ரப்பர் உறை,
இன்னொன்றைக் கேட்டு எத்தனை மனு எழுதினாரோ.
லைன் செத்துக் கிடக்கிறது என்றுதான்
கம்பியைத் தொடப் போகிறார்.
சாவு என்ற சொல்லை நாம்
ஆறுதலாகச் சொல்வது இங்கே மட்டும்தான்.

"மெயின ஆஃப் பண்ணிட்டா ஒண்ணும் ஆவாது அண்ணி."

பண்ணிட்டா.
அந்த "ட்டா"வில் தொங்கிக்கொண்டிருந்தது
ஓர் ஆளின் முழு எடை.

கோழி வெட்டும் கத்தியால் ஒயரை நடுவில் நறுக்கினேன்.
நூற்றறுபது ரூபாய் ஒயர் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான்.
தூக்கட்டும்.

மிஷினை வீட்டுக்குள் வைக்கவில்லை.
புகையில் வாசனையே இல்லாத ஒரு பங்கு உண்டாம்,
தூங்குகிறவர்களை எழுப்பாமலே கூட்டிப்போகுமாம்.
கொல்லையின் கடைசியில், வேலியோரம்,
நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையில் நிறுத்தி
நீண்ட எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை
கதவு வழியாக இழுத்து
இன்குபேட்டரில் மட்டும் சொருகினேன்.
செவுத்துப் பக்கமே போகவில்லை.

தடதடவென்று கொல்லை அதிர்ந்தது.
கம்பத்தின் மேல் டார்ச் சட்டென்று என் பக்கம் திரும்பியது.
"யார் வூட்ல ஜெனரேட்டரு? எதுல சொருவிகீற?"
கையை எடுத்துவிட்டார், பார்த்தேன்.
மழையில் வாய் திறந்து கத்தினேன்:
"முட்டைக்கு!"
"இன்னாது?"
"முட்டைக்கு மட்டும்!"
கொஞ்ச நேரம் டார்ச் அசையவில்லை.
பிறகு என் வார்த்தையை நம்பாமல்
டெஸ்டரை வைத்து, சங்கிலி போட்டு எர்த் பண்ணி,
அதன் பிறகே தொட்டார்.
அப்படி நம்பாமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

வீடு முழுக்க இருட்டு.
மெழுகுவத்தியில் நானும் தணிகைவேலுவும் ரசம் சோறு தின்றோம்.
தொள்ளாயிரம் பேர் மட்டும் வெளிச்சத்தில்.
எதிர்வீட்டு எஸ்தர் கேட்டாள்,
"ஒரு பல்புகூட எரியல, எதுக்குக்கா இத்தன சத்தம்?"

விடியற்காலை நாலரைக்கு கரண்ட் வந்தது.
அறுநூற்றுப் பதினொன்று பொரிந்தது.
மீதி பொரியவில்லை,
எந்த மணி நேரத்தில் என்று எனக்குத் தெரியும்.

இப்போது மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி.
எலக்ட்ரீஷியன் அப்சர் பொருத்தினான்,
ஒரு தவணை அதற்கே போயிற்று.
கைப்பிடி மேலே இருந்தால் கம்பம்,
கீழே இருந்தால் கொல்லை.
இரண்டும் ஒரு நாளும் பார்த்துக்கொள்ளாது.
ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக
நடுவில் ஓர் இடத்தைத் தாண்ட வேண்டும்.
அங்கே ஒன்றுமில்லை.
தடக்கென்று அதைக் கடக்கும்போதெல்லாம்
வீடு ஒரு கணம் மூச்சைப் பிடிக்கிறது,
மேலே யாரோ ஏறுவதைப் போல.